போலீஸ் சுட்டு ஒருவர் இறந்துபோனால்: மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டியில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன். மனு எழுதுவது, நகல் வாங்குவது, வாய்தா தேதி குறிப்பது, இதுதான் வருடக்கணக்காக என் பிழைப்பு. கூடலூர், பந்தலூர், மசினகுடி, கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வக்கீல் அறைக்குள் போவதற்கு முன்னால் என் மேஜையில்தான் உட்காருவார்கள். அங்கே கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தவற்றுக்குப் புதுச் சட்டங்கள் என்பதால் பி.என்.எஸ்.எஸ். (விசாரணை, வழக்கு நடைமுறைக்கான சட்டம்), பி.என்.எஸ். (குற்றமும் தண்டனையும் சொல்லும் சட்டம்) பிரிவு எண்களையே கொடுக்கிறேன். வெறும் பிரிவு எண் மட்டும் இருந்தால் அது பி.என்.எஸ்.எஸ். பழைய எண் தேவையான இடத்தில் அதையும் சொல்கிறேன்.

போலீஸ் சுட்டால் வழக்கே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. சுட்டது போலீஸ் என்பதாலேயே அது வழக்கு இல்லாத சாவு ஆகிவிடாது. சுட்டது நியாயமா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியது கோர்ட். ஸ்டேஷனில் முடிவு செய்துவிட்டு கோர்ட்டுக்குத் தகவல் மட்டும் அனுப்ப முடியாது.

இதற்குப் பிடிமானம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் மகாராஷ்டிர அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. நீதிபதிகள் லோதாவும் நாரிமனும் அதில் 16 நெறிமுறைகள் வகுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், அதைத் தாமதமில்லாமல் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும், சுட்டவர்கள் அல்லாத வேறு அணி விசாரிக்க வேண்டும், நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை கட்டாயம் நடக்க வேண்டும், இறந்தவரின் குடும்பத்துக்குச் சீக்கிரம் தெரிவிக்க வேண்டும் என்று பட்டியல் போகிறது. அரசியல் சட்டத்தின் 141-ஆவது பிரிவின்படி இது நாடு முழுக்கச் சட்டம் என்றும் அதிலேயே சொல்லிவிட்டார்கள். எந்த மனு எழுதினாலும் இந்தத் தீர்ப்பின் தேதியை முதல் பத்தியில் போட்டுவிடுவேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு என்கிறார்கள். வாங்கிப் பார்த்தால் செத்துப்போன என் மகன்தான் குற்றவாளி. இது எப்படி?

இந்த ஒரு கேள்வியில்தான் பாதி வழக்குகள் நின்றுபோகின்றன. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வழக்கமாக இரண்டு எஃப்.ஐ.ஆர். கையில் வரும், சில சமயம் ஒன்றே வரும். ஒன்று, இறந்தவர் போலீஸைக் கொல்லப் பார்த்தார் என்று பி.என்.எஸ். 109-இல் போட்டது, பழைய 307. இன்னொன்று, பி.என்.எஸ்.எஸ். 194-இல் வெறும் மரண விசாரணை, பழைய 174. முதலாவதில் புகார் கொடுத்தவரே போலீஸ்காரர். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு அற்றுப்போய்விட்டது என்று கொஞ்ச நாளில் ஓர் அறிக்கை போகும். இரண்டாவதில் குற்றவாளி என்ற கட்டமே கிடையாது. ஆக, எஃப்.ஐ.ஆர். உண்டு, ஆனால் யார் சுட்டது என்ற கேள்வி எந்தக் காகிதத்திலும் இல்லை!

2014 தீர்ப்பின் வாசகத்திலேயே இதற்கு ஒரு சந்து இருக்கிறது. துப்பாக்கிப் பயன்பாட்டில் மரணம் நடந்தால் 'அந்தப் பொருளில்' எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்கிறதே தவிர, யார் மேல் என்று அடித்துச் சொல்லவில்லை. அது கொஞ்சம் அசந்து எழுதிய வரி என்பது என் அபிப்பிராயம்.

அதனால் குடும்பத்தின் சார்பில் தனியாக ஒரு புகார் போக வேண்டும். ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது எஃப்.ஐ.ஆர். கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அவர்கள் சொல்வது டி.டி. ஆண்டனி வழக்கை. கேரளாவில் 1994-இல் நடந்த கூத்துப்பறம்பு துப்பாக்கிச் சூட்டில் கிளம்பி 2001-இல் முடிந்த வழக்கு அது. ஆனால் எதிர்த்தரப்பு தன் கதையைத் தனிப் புகாராகக் கொடுப்பதற்கு அந்தத் தடை பொருந்தாது என்று 2004-இல் உப்கார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்பது 2013-இன் லலிதா குமாரி தீர்ப்பு.

ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் பதில் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் 175-ஆவது பிரிவில் மனு. அரசு ஊழியர் பணி நேரத்தில் செய்தது என்றால், நடுவர் முதலில் அவருடைய மேலதிகாரியிடம் அறிக்கை வாங்கி, அவர் தரப்பையும் பார்த்துவிட்டுத்தான் விசாரணைக்கு உத்தரவிடுவார். புதுச் சட்டம் சேர்த்த படிக்கட்டு இது. ஏற எத்தனை நாள் ஆகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார்கள். அது மனு வாங்கியதற்கான சீட்டு. எஃப்.ஐ.ஆர். வேறு. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கு நடக்கிறது என்று எட்டு மாதம் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தனிப் புகார் கொடுப்பதால் என்ன லாபம்? அவர்களே விசாரிக்கட்டுமே.

வழக்கை முடித்துவிடலாம் என்று போலீஸ் கோர்ட்டில் அறிக்கை போட்டால், புகார் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போயே ஆக வேண்டும். 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் சொன்னது. இறந்தவரின் சொந்தக்காரருக்கு அந்த நோட்டீஸ் உரிமையாகக் கிடையாது. தானாகத் தெரிந்து வந்தால் கோர்ட்டில் பேசலாம், அவ்வளவுதான். தேவர்சோலையில் இலை பறிக்கிற அம்மாவுக்கு ஊட்டி கோர்ட்டில் எந்தத் தேதியில் அறிக்கை போகிறது என்று எப்படித் தெரியும்? புகார்தாரர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தால் நோட்டீஸ் வரும். வந்ததும் ஆட்சேப மனு போடலாம்.

எஃப்.ஐ.ஆர். நகல் தர மாட்டேன் என்கிறார்கள்.

புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசம். பாதிக்கப்பட்டவர் என்றால் வாரிசும் சேர்த்தி. தவிர, 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நெட்வொர்க் கிடைக்காத மலைப்பகுதி போன்ற இடங்களுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். நமக்காகவே எழுதின மாதிரி இருக்கும். 'சென்சிட்டிவ்' வழக்கு, வெளியில் விடக்கூடாதது என்று சொல்லி ஏற்றாமல் விடவும் வழி இருப்பதால், இணையத்தில் காணவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள்.

நகல் வாங்கினால் அன்றைக்கே இரண்டு ஜெராக்ஸ். ஒரு தடவை ஒரு பெரியவர் பந்தலூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து என் மேஜையில் காகிதத்தை எடுத்து வைத்தார். அது அடிதடி வழக்கு, துப்பாக்கி சம்பந்தப்பட்டதில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். வழியெல்லாம் மழை. நான்காக மடித்த மடிப்பில் காகிதம் பிய்ந்து, கோர்ட்டுக்கு வந்து சேர்ந்த தேதியும் நேரமும் எழுதிய இடத்தில் நீல மை ஊறி வெறும் மேகமாக இருந்தது. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்தத் தேதி ஒன்றுதான். நகல் மனு போட்டு மறுபடி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. அன்றிலிருந்து மேஜை இழுப்பறையில் பிளாஸ்டிக் கவர் வைத்திருக்கிறேன்.

அந்தத் தேதிக்கு என்ன அவ்வளவு மதிப்பு என்றால், இரவு 2 மணிக்கு நடந்ததாகச் சொல்லும் சம்பவத்தின் எஃப்.ஐ.ஆர். மறுநாள் மாலைதான் கோர்ட்டை எட்டியது என்றால், நடுவில் போன மணிக்கணக்குக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். பனிமூட்டம், ரோட்டில் மரம் விழுந்தது என்று காரணம் சொல்வார்கள். சில நாள் அது உண்மையாகவும் இருக்கும். அன்றைக்கு ரோடு அடைத்திருந்ததா என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் விசாரிப்பார்கள்?

சி.பி.சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் அணி. மேற்பார்வை செய்பவர், சுட்ட அணியின் தலைவரைவிட ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும். நீலகிரி சின்ன மாவட்டம். இந்த ஸ்டேஷன்காரர் போன வருடம் அந்த ஸ்டேஷனில் இருந்திருப்பார். அதனால் 'வேறு ஸ்டேஷன்' என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. சி.பி.சி.ஐ.டி. வேண்டும் என்று முதல் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் சி.பி.ஐ. கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தூத்துக்குடி வழக்கு 2018-இல் அப்படித்தான் சி.பி.ஐ.க்குப் போனது.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று புதுச் சட்டத்தின் 193-ஆவது பிரிவு சொல்கிறது.

ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. போனால் போலீஸுக்குத் தண்டனை கிடைக்குமா?

கிடைக்காது. ஆர்.டி.ஓ. வருவாய்த்துறை அதிகாரி, நிர்வாக நடுவர். எப்படி இறந்தார், சுடவேண்டிய அவசியம் இருந்ததா என்று விசாரித்து அறிக்கை எழுதுவார். யாரையும் ஜெயிலில் போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. தேசிய மனித உரிமை ஆணையத்தின் நெறிமுறைப்படி மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும்.

ஆனாலும் கட்டாயம் போங்கள். வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும் என்றால் மூன்று பேரும் போங்கள். அங்கே பதிவாகும் வாக்குமூலம்தான் குடும்பத்தின் கதை அரசாங்கக் காகிதத்தில் ஏறும் முதல் இடம். பின்னால் கோர்ட்டில் 'அன்றைக்கே ஏன் சொல்லவில்லை' என்று கேட்பார்கள். அன்றைக்கே சொன்னது இதோ இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பணியரோ காட்டுநாயக்கரோ கொடுக்கும் வாக்குமூலம் என்றால் இது ரொம்ப முக்கியம். அவர் தன் மொழியில் சொல்ல, இன்னொருவர் தமிழில் சொல்ல, எழுதுகிறவர் அலுவலகத் தமிழில் எழுதுவார். 'வெடிச் சத்தம் கேட்டது' என்று சொன்னது 'துப்பாக்கிச் சண்டை நடந்ததை அறிந்தேன்' என்று வந்து நிற்கும். சத்தம் ஒரு பக்கத்திலிருந்து வந்ததா, இரண்டு பக்கத்திலிருந்தா என்பதில்தான் வழக்கே இருக்கிறது. சண்டை என்று எழுதிவிட்டால் முடிந்தது. மொழி தெரிந்த, போலீஸோடு சம்பந்தம் இல்லாத ஒருவரை மொழிபெயர்ப்பாளராகக் கேளுங்கள்.

ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தவரை, ஆயுதத்தைக் காட்டச் சொல்லி அழைத்துப் போன இடத்தில் சுட்டார்கள். அதுவும் ஆர்.டி.ஓ.தானா?

இல்லை. அப்போது அவர் போலீஸ் காவலில் இருந்தவர். காவலில் நடக்கும் மரணத்துக்கு 196-ஆவது பிரிவின்படி நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும், பழைய 176 (1ஏ). பறிமுதல் செய்யப் போன இடத்தில் சுட்டார், திருப்பிச் சுட்டோம் என்ற கதையை நாமெல்லாம் பேப்பரில் படித்திருக்கிறோம். 2024 ஜூலையில் சென்னையில் ஓர் அரசியல் கட்சித் தலைவரின் கொலை வழக்கில் கைதானவர் அப்படித்தான் இறந்தார். 'பிடிக்கப் போனபோது' என்று எழுதுகிறார்களா, 'பிடித்த பிறகு' என்றா என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் விசாரிப்பவர் மாறுவார். வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள், யார் பார்த்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.

உடலை வாங்கிக்கொள்ளச் சொல்லி அவசரப்படுத்துகிறார்கள்.

துக்கத்தில் இருப்பவர்களிடம் சட்டம் பேசுவது எனக்கே சங்கடம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிரேதப் பரிசோதனையை இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும், முடிந்தால் ஒருவர் மாவட்ட மருத்துவமனைத் தலைவராக இருக்க வேண்டும், வீடியோ எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். இது 2014 தீர்ப்பில் இருப்பது. காவல் மரணங்களில் குடும்பத்தார் உடலைப் பார்க்கவும் வீடியோவைப் பெறவும் வேண்டும் என்று 2020 டிசம்பரில் மதுரைக் கிளையும் வழி காட்டியிருக்கிறது. ஊட்டியில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு கோயம்புத்தூருக்குக் கீழே இறங்க வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது. ஆனால் தடயவியல் டாக்டர் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை என்றே நினைத்துக் கேளுங்கள்.

மறு பரிசோதனை கேட்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் எரிக்க வேண்டாம், அடக்கம் செய்யுங்கள். 2016 நவம்பரில் நம் மலைக்கு அந்தப் பக்கம் நிலம்பூர்க் காட்டில் மாவோயிஸ்ட் இருவரை கேரள போலீஸ் சுட்டுக் கொன்றபோது, உடல்கள் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் பல நாள் இருந்தன. மறு பரிசோதனை கேட்டுப் போராட்டம் நடந்ததுதான் காரணம்.

எந்தெந்தத் தடயத்தைக் கேட்க வேண்டும்?

துணி. எல்லோரும் மறந்துபோவது இதைத்தான். சட்டையில் குண்டு போன ஓட்டையைச் சுற்றிக் கருகலும் கரியும் இருந்தால் மிக அருகில் சுட்டது என்று அர்த்தம். எட்ட நின்று சுட்டால் அது இருக்காது. ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். நம் ஊர்க் குளிரில் இரண்டே நாள் போதும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு அனுப்ப வேண்டும் என்று மனுவில் எழுதுங்கள். மருத்துவமனையில் துணியை உங்களிடமே கொடுத்தால் துவைக்காதீர்கள். ரத்தக் கறையோடு வீட்டில் வைக்கக்கூடாது என்று பாட்டி சொல்வார். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அப்புறம் துப்பாக்கிக் கணக்கு. எந்த எண்ணுள்ள துப்பாக்கி, யார் பெயரில் கொடுத்தது, எத்தனை தோட்டா போனது, எத்தனை திரும்பியது என்பது ஆயுதப் பதிவேட்டில் இருக்கும். பயன்படுத்திய துப்பாக்கிகளைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பே சொல்கிறது. இறந்தவர் சுட்டதாகச் சொன்னால் அவர் கையில் துப்பாக்கி மருந்துத் துகள் சோதனை நடந்ததா என்று கேளுங்கள்.

வண்டி எங்கே போனது என்பதற்குச் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன: பர்லியார், நாடுகாணி, கக்கநல்லா. கேமராப் பதிவு சில வாரத்தில் அழிந்து அதன்மேல் புதுசு ஏறிவிடும், அதனால் 'பாதுகாத்து வைக்கவும்' என்று முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும். ஸ்டேஷன் கேமராப் பதிவைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. செல்போன் பதிவில் ஒரு வேடிக்கை: பந்தலூர்ப் பக்கம் நின்றால் பல இடத்தில் கேரளா டவர்தான் எடுக்கும். 'டவர் கேரளாவில் காட்டுகிறது, ஆள் இங்கே இல்லை' என்று யாராவது சொன்னால் பயந்துவிட வேண்டாம்.

கடைசியாக, பனி. 'நாற்பது அடி தூரத்தில் ஆயுதத்தோடு நின்றதைப் பார்த்தோம்' என்று எழுதியிருப்பார்கள். ஜூலை மாதம் ராத்திரி 2 மணிக்கு நம் ஊரில் நாற்பது அடியில் நிற்கிற மாட்டையே தெரியாது. பெரிய எஸ்டேட்களில் தினசரி மழை அளவை நோட்டில் எழுதி வைப்பார்கள். அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி வையுங்கள். கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிற வக்கீலுக்கு இது தோன்றாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

'தற்காப்புக்குச் சுட்டோம்' என்றால் அதோடு முடிந்ததா? முட்டிக்குக் கீழேதானே சுட வேண்டும்?

முட்டிக்குக் கீழே என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. சட்டம் சொல்வது இரண்டு. கைது செய்யத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கொல்ல அந்தப் பிரிவு உரிமை தராது. இது பி.என்.எஸ்.எஸ். 43. இரண்டாவது தற்காப்பு. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் இருந்தால் கொல்லும் அளவுக்கும் போகலாம், ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளியும் கூடாது. இந்த உரிமை உங்களுக்கும் எனக்கும் எந்த அளவோ, போலீஸுக்கும் அதே அளவு. தற்காப்பு என்று சொல்கிறவரே அதை நிரூபிக்க வேண்டும்.

நல்லெண்ணத்தில் அதிகாரத்தை மீறிவிட்டோம், கொலை அல்ல என்ற வாதமும் உண்டு. டெல்லி கன்னாட் பிளேஸில் 1997 மார்ச் 31 அன்று ஒரு காரைச் சுற்றி வளைத்துச் சுட்டு வியாபாரிகள் இருவரைக் கொன்ற வழக்கில் இதைத்தான் சொன்னார்கள். தேடிய ஆள் வேறு, இறந்தவர்கள் வேறு. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏ.சி.பி. உட்பட பத்துப் போலீஸ்காரர்களின் ஆயுள் தண்டனையை 2011-இல் உறுதி செய்தது.

அரசு அனுமதி இல்லாமல் போலீஸ் மேல் வழக்கு நடத்த முடியாதாமே?

எஃப்.ஐ.ஆர். போடவும் விசாரிக்கவும் அனுமதி வேண்டாம். கோர்ட் வழக்கை ஏற்கும் கட்டத்தில்தான் 218-ஆவது பிரிவு வரும், பழைய 197. அதுவும் அரசின் அனுமதி இல்லாமல் பதவி நீக்க முடியாத நிலையில் இருக்கும் அதிகாரிகளுக்கு, பணியோடு பிணைந்த செயலுக்கு மட்டும். ஒவ்வொரு காவலருக்கும் தானாகப் பொருந்தாது, பதவியைப் பார்க்க வேண்டும். போலி மோதலில் கொல்வது பணியே அல்ல என்பதால் அனுமதி தேவையில்லை என்றும் தீர்ப்பு உண்டு, உண்மை மோதல் என்றால் தேவை என்றும் உண்டு. புதுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி: 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ள வேண்டும். கோப்பு செக்ரட்டேரியட்டில் தூங்குகிறது என்ற பேச்சுக்கு இனி ஒரு கெடு இருக்கிறது. அனுமதி கேட்ட கடிதத்தின் தேதியைக் குறித்து வையுங்கள்.

இறந்தவர் பழங்குடி. அதனால் ஏதாவது கூடுதலா?

ஆம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோரும் பட்டியல் பழங்குடி. படுகர் அந்தப் பட்டியலில் இல்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தினால் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும், முன்ஜாமீன் கிடைக்காது, கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கும் தண்டனை உண்டு. சாதிச் சான்றிதழ் இல்லாமல் இது நகராது. பல குடும்பங்களில் அதுதான் இருக்காது. கையோடு தாசில்தாரிடம் விண்ணப்பியுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். 15100-க்கு போன் போட்டாலே போதும்.

காட்டில் எல்லை தாண்டி கேரளாவில் நடந்துவிட்டது.

அப்படியானால் அங்குள்ள போலீஸ், அங்குள்ள கோர்ட். நிலம்பூர் என்றால் மஞ்சேரி செஷன்ஸ், அட்டப்பாடி என்றால் பாலக்காடு, வயநாடு என்றால் கல்பற்றா, மேல்முறையீடெல்லாம் எர்ணாகுளம். அட்டப்பாடி மஞ்சக்கண்டியில் 2019 அக்டோபரில் நால்வர் கொல்லப்பட்டபோது தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அங்கேதான் போய் நின்றன. ஆந்திராவில் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் சுடப்பட்டபோதும் இதே அலைச்சல்தான். புகாரை மட்டும் கூடலூரிலேயே கொடுக்கலாம். ஸ்டேஷன் எல்லை பார்க்காத 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று போட்டு அங்கே அனுப்ப வேண்டும்.

கூட்டத்தின் மேல் சுட்டால்? கமிஷன் வைத்தார்களே, அது போதாதா?

கமிஷன் அறிக்கை அரசுக்குப் போகும் ஆலோசனை. அதை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது, 17 போலீஸ்காரர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அறிக்கைக்குப் பின்னால் குற்றப்பத்திரிகை வர வேண்டும், அது வேறு பாதை. கூட்டத்தைக் கலைக்க எடுத்த நடவடிக்கைக்கு 151-ஆவது பிரிவில் தனிப் பாதுகாப்பும் இருக்கிறது.

மனித உரிமை ஆணையத்துக்கு எழுதினால் பயன் உண்டா?

உண்டு, இலவசமும்கூட. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும், தாண்டினால் எடுக்க மாட்டார்கள். போலீஸ் நடவடிக்கையில் மரணம் நடந்தால் 48 மணி நேரத்துக்குள் எஸ்.பி. தேசிய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று நீங்கள் கேட்டாலே பாதி வேலை நடக்கும். 2013-ஆம் ஆண்டு தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டத்தில் புகார் ஆணையமும் இருக்கிறது. மாநிலத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், மாவட்டத்துக்கு ஆட்சியர். போலீஸைக் கேள்வி கேட்க அரசே உட்காரும் ஏற்பாடு! நான் யாரையும் அங்கே முதலில் அனுப்புவதில்லை.

பணம் தருகிறோம், கையெழுத்துப் போடு என்கிறார்கள்.

அரசு நிவாரணத்தை வாங்கலாம். உயிருக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்பது 1993-இன் நீலாவதி பெஹெரா தீர்ப்பு. வாங்கியதால் குற்ற வழக்கு போய்விடாது, கொலை வழக்கை இரு தரப்பும் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் எதுவும் எழுதாத பத்திரத்தில் கையெழுத்தோ, இலை பறித்துக் கறுத்த கட்டைவிரலின் ரேகையோ வைக்காதீர்கள். யார் வந்து எவ்வளவு பாசமாகப் பேசினாலும் சரி.

என் தம்பி ஆயுதப்படையில் இருக்கிறான். மேலதிகாரி சொல்லித்தான் சுட்டான். அவன் கதி?

இதைக் கேட்டு வந்தவரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார். சட்டப்படி சரியான உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தால் குற்றமில்லை. உத்தரவே சட்டவிரோதம் என்றால் அது கேடயம் ஆகாது. போலி மோதலில் கொல்லச் சொன்னால் கீழே இருப்பவர் மறுக்க வேண்டும் என்று 2011-இல் பிரகாஷ் கதம் வழக்கில் உச்ச நீதிமன்றம் நியூரம்பெர்க் விசாரணையை எடுத்துக்காட்டிச் சொன்னது. தம்பி துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும், ஆனால் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம். சுட்ட போலீஸ்காரரின் குடும்பத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்று அதே 2014 தீர்ப்பு சொல்கிறது. சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வும் வீரப் பதக்கமும் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. தம்பியிடம் உத்தரவு யார், எத்தனை மணிக்கு, வயர்லெஸ்ஸிலா வாயாலா கொடுத்தார் என்று எழுதி வைக்கச் சொன்னேன்.

சுட்டது போலீஸ் இல்லை, ஃபாரஸ்ட்.

கொலைச் சட்டம் ஒன்றுதான், காக்கியின் நிறம் பார்க்காது. 2023 அக்டோபரில் கூடலூர் அருகே விவசாயி ஒருவர் வனத்துறை சுட்டு இறந்த செய்தியைப் பார்த்துப் பலர் பதறி போன் செய்தார்கள். அது தேனி மாவட்டத்துக் கூடலூர்.

நாங்கள் கொடைக்கானல். எங்களுக்கும் இதேதானா?

எல்லாம் இதேதான், கோர்ட் மட்டும் வேறு. செஷன்ஸ் திண்டுக்கல், உயர் நீதிமன்றம் மதுரைக் கிளை. நடைமுறை பின்பற்றப்படவில்லை என்றால் குடும்பம் நேரடியாக மாவட்ட செஷன்ஸ் நீதிபதியிடம் முறையிடலாம் என்பது 2014 தீர்ப்பின் கடைசி நெறிமுறை. மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்ஸுக்கு இது ஒரு நல்ல காரணம்.

எத்தனை வருடம் ஆகும்?

கன்னாட் பிளேஸ் வழக்கு 14 வருடம். 2009-இல் டேராடூனில் ஒரு மாணவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் ஐந்து வருடத்தில், 2014-இல், கீழ்க் கோர்ட் 17 போலீஸ்காரர்களுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அதை வேகம் என்றே சொல்வேன். அதனால் புகாரில் அப்பா பெயரை மட்டும் போடாமல், அண்ணனோ தங்கையோ யாராவது இளையவர் பெயரையும் இரண்டாவது மனுதாரராகச் சேர்க்கச் சொல்கிறேன். ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ கொண்டு வாருங்கள். கவர் என்னிடம் இருக்கிறது.